வெள்ளை மூன்று, கருப்பு இரண்டு

விமானி ஹார்க்கர் ஓட்டிய விமானம் கடலில் விழுந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

சுட்டது எங்கள் கப்பல்தான்.

அடிபட்டதும் பிய்ந்த இறக்கைத் துண்டு ஒன்று, கீழே போய்க்கொண்டிருந்த எங்கள் படகு ஒன்றின் மேல்தளத்திலேயே விழுந்திருக்கிறது. அதை எங்கள் விமானத் தளத்துக்குக் கொண்டுவந்து அலுவலக மேசைமேல் போட்டிருந்தார்கள். பாதிக் கதவளவு இருந்தது.

லண்டனிலிருந்து வந்த விசாரணை அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கார்ப்பரல் பில்ச்சர் நின்றார். நாங்கள் ஆறு மெக்கானிக்குகள் சுவரோரப் பெஞ்சில் இருந்தோம். ஆறு பேரில் பெண் நான் ஒருத்திதான்.

அதிகாரி கப்பலின் பீரங்கிக்காரன் எழுதிக்கொடுத்ததைப் படித்தார்.

பட்டை தெரியவில்லை. சுட்டேன்.

அவ்வளவுதான் எழுதியிருந்தான். அவனுக்குச் சொல்லப்பட்டதும் அவ்வளவுதான். பட்டை இருந்தால் நம் விமானம், இல்லாவிட்டால் சுடு.

நார்மண்டிக் கரையில் படை இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த உத்தரவு வந்தது. எல்லா விமானங்களுக்கும் இறக்கையின் மேலும் கீழும், வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றியும், ஐந்து பட்டைகள் அடிக்க வேண்டும். வெள்ளை மூன்று, கருப்பு இரண்டு. ஒவ்வொன்றும் பதினெட்டு அங்குலம்.

எங்களிடம் பதினெட்டு விமானங்கள் இருந்தன. ஒரு பகல் கொடுத்தார்கள்.

போருக்கு முன் பில்ச்சர் முப்பது வருடம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அன்று அவர் கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

"நான் அடிச்ச பெயிண்ட் என் மாமியார் மாதிரிடா. ஒட்டுச்சுன்னா போகவே போகாது."

ஹார்க்கரின் விமானம் கடைசியாக வந்தது. அதன் இறக்கைகள் என் பொறுப்பு. நான் நூலைப் பிடித்தேன், அவர் கோடு போட்டார்.

"ஏ ஊமச்சி, றெக்க சுத்தமா இருக்கா? பெட்ரோல் போட்டுத் தொடைக்கவெல்லாம் நேரமில்ல."

சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. தலையாட்டினேன்.

பொய்யில்லை. தளத்திலேயே சுத்தமான இறக்கை அதுதான்.

இப்போது மேசைமேல் கிடந்த துண்டு வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. ஆணித் தலைகளைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவுக்கு வெள்ளை ஒட்டியிருந்தது. புறப்படும்போது பட்டைகள் இருந்ததை எல்லோரும் பார்த்தோம். விமானம் மழை மேகத்துக்குள் வேகமெடுத்துப் போய், மறுபக்கம் தனியாக வெளியே வந்தபோது இல்லை.

"கடைசி விமானம். பெயிண்ட் பத்தல. தண்ணி கலந்து அடிச்சிட்டீங்க. ஒத்துக்கங்க, பில்ச்சர்."

"இல்ல சார். மத்த பதினேழுக்கும் இதே வாளிதான். ஒண்ணுலயாச்சும் உரிஞ்சிருக்கா, பாருங்க."

"அப்ப இதுல மட்டும் ஏன்?"

பில்ச்சர் குனிந்து துண்டைப் பார்த்தார். தண்ணீர் கலந்தது உறுதியானால் அவருக்கு ராணுவச் சிறை. அது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஹார்க்கருக்கு இருபத்திரண்டு வயது. மே மாதக் கடைசியில் ஒரு நாள், தரையிறங்கியதும் தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் குதித்து ஓடிவந்தார்.

"என்னப்பா மாயம் பண்ணீங்க? மணிக்கு ஆறு மைல் கூடப் போகுது! பின்னாடி வந்தவன உதறிட்டு வந்துட்டேன்."

அவர் நீட்டிய சிகரெட்டுகளை என்ஜின்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். நான் இறக்கை நுனியருகே நின்றிருந்தேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் பேசியது "குட்மார்னிங் சார்" மட்டும்.

அதிகாரிக்குத் தேநீர் வந்தது. கோப்பையை வைக்கும்போது ஒரு துளி இறக்கைத் துண்டின்மேல் சிந்தியது.

துளி பரவவில்லை. பாசிமணி போல உருண்டு நின்றது. பிறகு சரிவில் ஓடி, கீழே விழுந்தது. அது போன இடத்தில் ஈரம் இல்லை.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

பில்ச்சர் பார்த்தார். கட்டைவிரலால் தகட்டை மெல்லத் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். முப்பது வருடம் பெயிண்ட் அடித்தவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்த்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராக, சுவரைப் பார்த்து நின்றார்.

"கடைசியாக் கேக்கறேன். சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல சார்."

அதிகாரி புதிய தாளை எடுத்தார். பேனாவை மையில் தோய்த்தார்.

நான் எழுந்தேன். பெஞ்சு கிறீச்சிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முகம் மறுபடியும் சூடானது.

"தரைக்குப் போடுற மெழுகு சார். மேல, கீழ, ரெண்டு றெக்கையிலயும். தினம் சாப்பாட்டு நேரத்துல, யாருக்கும் தெரியாம, மூணு வாரம் நான்தான் தேச்சேன். வேகமாப் போனா திரும்பி வந்துடுவார்னு."