அவிழாத கட்டு

"கட்டை யாரு வே அவுத்தது?"

மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கிருபைராஜ் கேட்டார். கட்டிலில் பலவேசம் கண் மூடிக் கிடந்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"ஒருத்தரும் அவுக்கலை ஐயா," என்றாள் கட்டிலடியில் உட்கார்ந்திருந்த பேச்சி. "நீங்க போட்ட முடிச்சு அப்படியேதான இருக்கு."

இருந்தது. அதுதான் கிருபைராஜுக்குப் பிடிக்கவில்லை. காலையில் கார்பாலிக் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பொடி தூவி, வலது கையில் அவரே கட்டிய கட்டு. இப்போது அதன் மேல் புது ரத்தம். அவிழ்த்தார். நாற்றம் அடித்தது. மூடத் தொடங்கியிருந்த புண் மூன்று கோடுகளாகப் பிளந்திருந்தது. கீழே ஒரு காம்பு.

சூலம். மூன்றாவது நாளாக அதே சூலம்.

பலவேசம் பேச்சியின் ஒரே மகன். பதினேழு வயதில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், பன்னிரண்டு வருஷம் கழித்துத் தாடியும் கனத்த உடம்புமாகப் போன மாதம்தான் ஸ்ரீவைகுண்டம் திரும்பினான். அணைக்கட்டுக் கால்வாய் ஓரம் அப்பன் விட்டுப்போன வாழைத்தோட்டம் அவனுக்காகக் காத்திருந்தது. பேச்சி பச்சை குத்திப் பிழைப்பவள். மகனுக்கு ஐந்து வயதில் கையில் சூலம் குத்தி, சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டவளும் அவளே. அந்தச் சூலத்தை, தூத்துக்குடியில் கப்பல் இறங்கியதும் ஒரு ரணவைத்தியனிடம் தோலோடு அறுத்தெடுத்துவிட்டுத்தான் ஊருக்குள் வந்ததாகச் சொன்னான்.

"இது எதுக்கு வே ஒமக்கு?" என்று முதல் நாள் கிருபைராஜ் கேட்டபோது சிரித்தான். "பொண்ணு கேக்கப் போற எடத்துல பச்சையைப் பாத்தா, தோட்டக்கூலின்னு எளப்பமா நெனப்பாகல்லா."

இப்போது சிரிப்பு இல்லை.

"அவன் வந்தான் ஐயா," என்று முனகினான். "மத்தியானம். ஜெபமணி அடிச்சு எல்லாரும் போன பெறவு. கண்ணைத் தொறக்க முடியலை. குத்திக் குத்திக் கேக்கான்."

"எவன்? என்னத்தைக் கேக்கான்?"

பலவேசம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மாடன்தான்," என்றாள் பேச்சி, அவன் நெற்றியில் ஈரத்துணியைப் பைய வைத்தபடி. "நேந்து விட்டதை அழிச்சா கேக்க மாட்டானா?"

கிருபைராஜ் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர். மாடனை நம்புவதில்லை. ஆனாலும் மறுநாள் மத்தியான ஜெபத்தில் அவரால் கண்ணை மூட முடியவில்லை. முடிந்ததும் நேரே கட்டிலுக்கு வந்தார். முடிச்சு அப்படியே இருந்தது. துணியில் ஈரச் சூலம்.

வெள்ளைக்கார டாக்டர் துரை கையை முகர்ந்து பார்த்தார். அக்குளில் நெறி கட்டியிருந்தது. நஞ்சு தோளுக்கு ஏறுகிறது, நாளைக் காலையில் கையை எடுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான், தாயிடம் கைநாட்டு வாங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிருபைராஜ் வராந்தாவில் பேச்சியிடம் காகிதத்தை நீட்டினார்.

"ஆத்தா, பெருவிரலை வையி."

"வைக்க மாட்டேன்."

"கையை எடுக்கலைன்னா செத்துருவான்."

"தெரியும்."

அவள் சுருக்குப்பையைத் திறந்து வெற்றிலை எடுத்தாள். கூடவே, நூல் சுற்றிச் சேர்த்துக் கட்டிய மூன்று ஊசிகள் வந்து விழுந்தன. நுனியில் காய்ந்த ரத்தம். அதில் கட்டுத்துணியின் வெள்ளை இழை ஒன்று ஒட்டியிருந்தது.

கிருபைராஜ் ஊசிகளையே பார்த்தார். கட்டை அவிழ்க்க வேண்டியதே இல்லை. துணிக்கு மேலேயே குத்தலாம்.

"நீயா? பெத்த பிள்ளையவா ஆத்தா? பச்சையை அழிச்சுட்டான்னா இம்புட்டுக் கோவம்?"

பேச்சி வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"இருந்தாத்தான ஐயா அழிக்க? பச்சை இருக்குன்னு மட்டும் கேள்விப்பட்டு, ஆம்பளைக்கு வலது கையிலதான் குத்துவாகன்னு நெனச்சு, இவன் சும்மா கெடந்த வலது கையை அறுத்துட்டு வந்து நிக்கான். எனக்கு முந்தின ரெண்டு ஆம்பளப் பிள்ளையும் தங்கலை. மூணாவது பொட்டப்பிள்ளைன்னு எமன் ஏமாறட்டும்னு, எம்மவனுக்குப் பொம்பளைக்குக் குத்துத மாதிரி இடது கையில குத்துனேன்."

உள்ளே கட்டிலில் கிடந்தவன் காய்ச்சலில் ஏதோ உளறத் தொடங்கினான். பேச்சி ஊசியைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கையை எடுத்துராதீக ஐயா, ரெண்டு நாள் பொறுங்க. எம்மவனைக் கொன்னதைச் சொல்லிட்டான். எங்கன பொதைச்சான்னுதான் இன்னும் சொல்லலை."