கடைசிப் பத்து விநாடி

ஆர்டர் எண்ணைக் கேட்டதும் போனில் வந்த பெண் கடகடவென்று ஒப்பித்தாள்.

அப்போதே டாக்டரம்மா உஷாராகிவிட்டாள். நிஜமான வாடிக்கையாளர் யாரும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவதில்லை. டப்பாவைத் தேடுவார்கள், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள், கடைசியில் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள்.

குரலும் பிடிபட்டது. என்னதான் மூக்கால் பேசினாலும், இரண்டு வருடம் திட்டு வாங்கிய காதுக்குத் தெரியாதா? நான்கு வரிசை தள்ளி, கண்ணாடி அறைக்குள் இருக்கும் மார்க் மேடம்தான். அறையின் திரை இறக்கியிருந்தது.

மாதம் ஒருமுறை வாடிக்கையாளர் வேஷம் போட்டு ஒவ்வொருவரையும் அழைப்பாள். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி அச்சடித்துக் கொடுத்த தாளில் இருப்பதை அப்படியே சொல்கிறார்களா என்று பார்த்து மார்க் போடுவாள். பெயர் அப்படி வந்ததுதான்.

டாக்டரம்மா டாக்டர் இல்லை. படித்தது வணிகவியல். எடை குறைக்கும் ஹார்மோன் மாத்திரை விற்கும் கம்பெனியில், வாங்கியவர்களின் சந்தேகத்தைப் போனில் தீர்த்துவைக்கும் வேலை. கூப்பிடுகிறவர்கள் அவர்களாகவே டாக்டரம்மா என்பார்கள். அதைத் திருத்தக் கூடாது என்பதும் தாளில் இருந்தது.

மாத்திரைக்குள் எந்த ஹார்மோன், எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. விற்கிறவருக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். எடை குறைந்தால் மாத்திரையின் பெருமை. குறையாவிட்டால் வாங்கியவருக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை.

ஒரு நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு. பதினொரு மணிக்கே தொண்டை கட்டிவிடும். அதற்குப் பிறகு வாய் பாட்டுக்குப் பேசும், மனசு எங்கேயோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் மனசாட்சி என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால், தாளை முழுக்கப் படித்துவிட்டு, கடைசிப் பத்து விநாடியில் குரலைத் தாழ்த்துவாள்.

"அக்கா, இதை நிறுத்திட்டு நல்ல டாக்டரா பாருங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எல்லா அழைப்பும் பதிவாகும். இத்தனை ஆயிரத்தை உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொழுதிருக்கிறது என்று ஒரு தைரியம். மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"கை நடுங்குதுங்க," என்றது குரல். "படுத்தா நெஞ்சு தடதடன்னு அடிச்சுக்குது. ஒன்பது கிலோ குறைஞ்சுட்டேன், பார்க்கிறவங்க எல்லாம் நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. ஆனா ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அழுகை அழுகையா வருது."

நடிப்பில் தேறிவிட்டாளே என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டாள். போன மாதம் வரை டப்பா உடைந்து வந்தது, பார்சல் வந்துசேரவில்லை என்றுதான் பரீட்சை நடக்கும்.

நான்காம் பக்கத்தைப் புரட்டிச் சிரித்த குரலில் படித்தாள். இதெல்லாம் மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். உடம்பு போகப்போகப் பழகிக்கொள்ளும். இடையில் நிறுத்தினால் குறைந்த எடை இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிடும்.



"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றது குரல்.

யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். என் வாயைப் பிடுங்கத்தான் இவ்வளவு நாடகமும் என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்துபோனது.

"வேற ஒண்ணுமில்லைங்க. நம்பிச் சாப்பிடுங்க," என்றாள்.

மதியம், மார்க் தாளில் கையெழுத்துப் போடக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். நூற்றுக்கு நூறு. இந்த இரண்டு வருடத்தில் அவள் வாங்காத மார்க். தலை தப்பியது என்று மூச்சு விட்டாள்.

தாளை நீட்டிய மேடத்தின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. மின்விசிறிகூட ஓடவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் பாதிக் கைக்கு இறங்கிக் கிடந்தது. எப்படி மேடம் இப்படி இளைச்சீங்க என்று போன வாரம் சூழ்ந்துகொண்டு கேட்டவர்களில் இவளும் ஒருத்தி.

மார்க் மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீ பேசுறதை எல்லாம் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கடைசியில மெதுவா சொல்வியே, அதையும்தான். ஒண்ணைக்கூட மேல அனுப்பினதில்லை."

டாக்டரம்மா கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நிறுத்தணும்னு எனக்கே தெரியுது. மறுபடியும் ஊதிடுவேனோன்னு பயம். வேற ஒருத்தர் வாயால கேட்டா விட்டுடலாம்னு இருந்தேன்." மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்றே. எனக்கும் சொல்லுவியேன்னுதான் போன் போட்டேன்."