காலிப் படுக்கையின் அளவு

மூளையில் லித்தியம் எவ்வளவு என்று ஊசி குத்தாமல் ஸ்கேனிலேயே அளந்து காட்ட, ஷஃபீனா காரைக்கால் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக மல்லுக்கட்டினாள். திரையில் லித்தியத்தைக் காட்டும் கோடு எழவேயில்லை. இந்த மாதத்தோடு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள்.

இன்று வந்தவர் மண்டபத்தூர் மீனவர் மணிவேல். மனசு ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்க்கு, பத்து வருஷமாக லித்தியம் மாத்திரை போடுகிறவர். ஸ்கேன் படுக்கையின் ஓரத்தில் ஒண்டிப் படுத்தார்.

“நடுவுல படுங்கண்ணே.”

“தம்பிக்கு எடம் வேணும்மா.”

தம்பி கலைவாணனுக்கும் அதே நோய், அதே மாத்திரை. கடலுக்குப் போனவன் திரும்பாமல் நாலு வருஷம். அண்ணன் படகில் அவன் உட்காரும் பலகையில் இன்றும் யாரும் உட்காருவதில்லை. தினமும் அதில் அவனுக்கொரு மாத்திரை வைப்பார் மணிவேல். மறுநாள் இருக்காது. காக்கா தின்னுதென்று ஊர் சிரித்தது.

ஷஃபீனா அவரை நடுவுக்கு நகர்த்தினாள். நாற்பதாவது நிமிஷம் கோடு கூராக எழுந்தது. 0.6. உடனே தாளில் அச்செடுத்து, அவர் பெயரை எழுதினாள்.

அவர் இறங்கியதும், வழக்கப்படி காலிப் படுக்கையையும் ஸ்கேன் எடுத்தாள். கோடு படுத்தே கிடக்கவேண்டும். எழுந்தது. 0.7. மூன்று தடவை எடுத்தும் அதேதான்.

மறைக்கத் தோன்றாமல் அவரிடமே சொன்னாள். மணிவேல் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நிமிர்ந்தார்.

“நான்கூட நடுவுல ரெண்டு நாள் மாத்திரைய விட்டுட்டேம்மா. அவன் ஒருநாளும் விடல. ரெண்டு தாளையும் குடுங்க. சிரிச்சவனுக்கெல்லாம் காட்டணும்.”

இரண்டாவது தாளில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. ஷஃபீனா பேனாவை எடுத்து, கலைவாணன் என்று எழுதினாள்.