கும்பா நிறைய ஆயில்

கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கியர் போட்டாலும் வண்டி முன்னால் பாய்ந்து அணைந்தது. பன்னிரண்டு வருடப் பழைய டர்ட் பைக். மதியம் கல்குவாரிக் காட்டில் போட்டி. விண்ணரசி கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டாள், லீவருக்கு கிரீஸ் வைத்துப் பார்த்துவிட்டாள். மூன்று நாளாகப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுத்த அவள் கணவன், லாரி ஓட்டும் லூர்து, “பழைய வண்டி, என்ன பண்றது? இந்தத் தடவ விட்டுடு” என்றான். கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்க்கலாம் என்று இன்ஜின் ஆயிலை இறக்கினாள். பிடிப்பதற்குக் கைக்கு அகப்பட்டது அவனுடைய சோற்றுக் கும்பாதான். தண்ணீராய் ஓடவேண்டிய ஆயில் பாகுபோல் நூல்விட்டு இறங்கியது. மோந்து பார்த்தாள். லாரியின் பின்அச்சுக்கு ஊற்றும் கிரவுன் ஆயில்; பைக்கில் ஊற்றினால் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். அவன் காக்கிச் சட்டையில் ஒன்பது வருடமாக அவள் துவைத்தும் போகாத அதே நாற்றம்.

“பழைய வண்டிதான்” என்றாள். “இந்தாங்க, புடிங்க. ஒரு சொட்டு என் வாசல்ல விழக்கூடாது.”

இரண்டு கைகளாலும் வாங்கினான். விளிம்புவரை தளும்பியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பேசினாலே சிந்திவிடும் போலிருக்க, மூடிக்கொண்டான். அவள் புது ஆயில் ஊற்றினாள். கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி, ஒட்டிக்கிடந்த பிளேட்டுகள் விடும்வரை வண்டியை முன்னும் பின்னும் ஆத்திரம் தீர உலுக்கினாள். நியூட்ரலில் உதைத்துக் கிளப்பி, கியர் போட்டாள். வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. கேட்டை முன்சக்கரத்தாலேயே இடித்துத் திறந்துகொண்டு போனாள். புழுதி அடங்கிய பிறகும் லூர்து அங்கேயே நின்றான், கும்பாவை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்.