லீவு முடிந்த நாள்

திருத்தங்கல் அச்சகத்துக்குள் செல்வலட்சுமி நுழைந்ததும் எல்லாக் கண்களும் அவள் மேல் விழுந்தன. முதலாளி வேண்டாம் என்றுவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராகக் கலர் மிஷினிடம் போனாள்.

"அதைத் தொடாதீக!" என்று குறுக்கே வந்தான் கோட்டைச்சாமி. "இங்கன பொம்பளை யாரும் மிஷின் ஓட்டுனதில்ல. அது எங்க முனியராஜ் அண்ணன் மிஷின். அண்ணன் லீவு முடிஞ்சு இன்னைக்கு வந்துரும்."

"வந்தாச்சு, கோட்டை."

அவளிடமிருந்து முனியராஜின் குரல் வந்ததைக் கேட்டு அவன் ஓரடி பின்வாங்கினான்.

"உள்ளுக்குள்ள நான் எப்பவும் பொம்பளைதான். இனிமே வெளியிலயும் அப்பிடித்தான். என் பேரு செல்வலட்சுமி."

முதலாளி தனுஷ்கோடி எழுந்து வந்து அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"செல்வலட்சுமி," என்றார். அந்தப் பெயரை அங்கே இன்னொருவர் சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை. "வெடிப்பெட்டி லேபிள் ஆர்டர் நிக்குது. மிஷினைப் போடும்மா."

கோட்டைச்சாமி வழிவிட்டான். "மையை நான் ஊத்துறேன்க்கா."

மத்தியானம், வழக்கம்போல் ஆண்கள் பக்கம் சாப்பிட உட்காரப் போனவளைப் பைண்டிங் குருவம்மாள் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஏ செல்வலட்சுமி, அங்கன என்ன சோலி? இங்கன எங்க கூட வந்து உக்காரு!"

பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். செல்வலட்சுமி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.