வேலி தாண்டிய உப்பு

இலையுதிர் காலம் முடியப்போகும் ஒரு மதியம், உரக்கடை மேஜைமேல் தம்பி பொட்டலம் ஒன்றைப் பிரித்து வைத்தான். உள்ளே ஈர மண்ணும் வெள்ளைக் குருணைகளும்.

"என் ரோஜாச் செடிங்க அடியில பக்கத்து வீட்டுல இருக்கற எங்க அண்ணன் உப்பு போட்டிருக்கான். அவன் வேலி தாண்டி வந்ததை நானே பார்த்தேன். உப்புதான்னு எழுதிக் கொடுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கறாங்க."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"காலையிலேருந்து அங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கான். வாயே திறக்கல. நாங்க பேசி ஏழு வருஷமாச்சு."

கடைக்காரர் ஒரு குருணையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது உப்பு இல்ல, பொட்டாஷ் உரம். இப்பப் போட்டாத்தான் செடி உறைபனியைத் தாங்கும். ஏழு வருஷமா இதே சமயத்துல உங்க அண்ணன் இங்கதான் வாங்கறார்."

"அவன் வீட்டுல ஒரு செடிகூடக் கிடையாதே."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'தம்பிக்கு யூரியா மட்டும்தான் தெரியும். பனிக்கு முன்னாடி அதைப் போட்டுத் தளிர் விட வெச்சு, எல்லாத்தையும் சாகடிச்சிடுவான்'னார்."

கடைக்காரர் பேனாவை எடுத்தார். "சரி, என்னன்னு எழுதட்டும்?"

தம்பி ஒரு குருணைகூடச் சிந்தாமல் பொட்டலத்தை மடித்தான்.

"எழுத வேண்டாம். நான் ஸ்டேஷனுக்குப் போறேன். அண்ணன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார்."