நாலாவது அறையின் நம்பர்

"குசினிக்குப் பக்கத்து அறையை இருபத்தாறுல வச்சுப் பூட்டிடு மகள். நம்பர் என்ட போன்ல மட்டும் இருக்கட்டும். றைஸா ராத்தா அதுல கை வைக்கப்படாது."

மஹ்ரூப் ஹாஜியார் இதைச் சொன்னதும், அதுவரை கால் தரையில் படாமல் திரிந்த ஃபர்ஸானாவுக்கு முகம் சுண்டிப்போனது.

அன்றைக்குத்தான் புத்தளத்து ஏசிக் கடை முதலாளி அவளை முதன்முதலாகத் தனியே வேலைக்கு அனுப்பியிருந்தார். மதுரங்குளிக்குப் பக்கத்துக் கனமூலையில் ஹாஜியார் கட்டியிருக்கும் புது வீடு. வெளியே ஒரே ஒரு ஏசி மெஷின், அதிலிருந்து நாலு அறைகளுக்குக் குளிர். குழாய் வேலையைக் கடையில் உள்ளவர்கள் போன கிழமையே முடித்துவிட்டார்கள். அறைக்கு ஒன்றாக நாலு தெர்மோஸ்டாட்டையும் பொருத்தி மெஷினோடு பேச வைப்பது அவள் பொறுப்பு.

வயர் இல்லாத தெர்மோஸ்டாட். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. சுவரில் ஒட்டினால் போதும், அறையின் சூட்டைத் தானே அளந்து மெஷினுக்குச் சொல்லிவிடும். படிக்கும்போது படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

முதலாவதை ஹாலில் ஒட்டிப் பொத்தானை அமுக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சிவப்பு லைட் மின்னியது, மின்னியது, பச்சையானது. மேலே இருந்து குளிர்காற்று மெல்ல இறங்கியது.

"ஹால் வந்திட்டுது, ஹாஜியார்."

ஹாஜியாரின் மகள் ஹிதாயா அறைக்கு அறை ஓடினாள். "எனக்கு இருபத்திரண்டு. வாப்பாவுக்கு இருபத்தஞ்சு. ஒரே மெஷின்ல எப்படி ராத்தா?" என்று ஃபர்ஸானாவை அக்கா முறை சொல்லிக் கேட்டாள்.

"அதுதானே இதுட விசேஷம்" என்றாள் ஃபர்ஸானா. நாலு அறையும் ஹாஜியாரின் போனில் நாலு கட்டமாகத் தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இது குளிர் மட்டுமில்ல, ஹாஜியார். தேவைப்பட்டா அறையைச் சூடாக்கவும் ஏலும்."

"சித்திரை மாசத்துல மதுரங்குளிப் பக்கம் சூடு விக்க வந்திருக்கிறியா?" என்று ஹாஜியாரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னேதான் பூட்டுப் போடச் சொன்னார்.

றைஸா ராத்தா அந்த வீட்டில் சமைப்பவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். இந்தக் குடும்பத்தோடு இருபது வருசம். அடுப்படிக்குப் பக்கத்திலிருந்த நாலாவது அறை அவருடையது.

ஃபர்ஸானா அந்த அறைப் பெட்டியின் பொத்தான்களை நம்பர் போட்டுப் பூட்டினாள். ஊருக்குக் காட்ட வேலைக்கார மனுசிக்கும் ஒரு ஏசி, தொட மட்டும் உரிமை இல்லை. நல்ல தர்மம்தான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அவள் சாமான்களை அடுக்கும்போது றைஸா ராத்தா பிளேன்டீ கொண்டுவந்தார். ஹாஜியார் அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார்.

"மகள், அந்த நம்பர எனக்கும் சொல்லித் தாங்களேன். எண்ட அறைதானே. எல்லாத்துக்கும் அவர்ட போனைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலுமா?"

ஃபர்ஸானாவுக்கு உற்சாகம் திரும்பி வந்தது. நம்பரைச் சொன்னதோடு நிற்கவில்லை, ஒவ்வொரு பொத்தானும் எதற்கென்று காட்டிக் கொடுத்தாள். றைஸா ராத்தா இரண்டு தரம் திருப்பிக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார்.

வேலையும் வெற்றி, நியாயமும் வெற்றி. புத்தளம் போய்ச் சேரும்வரை ஸ்கூட்டியில் பாட்டு முணுமுணுத்தபடியே போனாள்.

மூன்றாம் நாள் பகல் ஹாஜியாரிடமிருந்து போன் வந்தது. "உடனே வா."

இன்னொரு வீட்டு வேலை சொல்லப்போகிறார் என்ற நினைப்பில் பறந்து போனாள்.

நாலாவது அறைக்குள் கால் வைத்ததும் அனல் முகத்தில் அடித்தது. சுவர்ப் பெட்டி முப்பத்திநாலு காட்டியது. றைஸா ராத்தா கட்டிலில் துவண்டு கிடந்தார். ஹிதாயா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தன்னுடைய வேலைதான் பிழையாகிவிட்டதோ என்று ஃபர்ஸானா பயந்தாள்.

"சிலாபத்துல நிக்கக்குள்ள போன்ல பாத்தன். முப்பத்திநாலு காட்டுது. இங்கயிருந்தே போட்டன், திரும்பவும் நிண்டிட்டுது. விழுந்தடிச்சு இப்பதான் ஓடி வாறன்" என்றார் ஹாஜியார். சட்டை முழுக்க வேர்வை. "பூட்டுத் திறந்து கிடக்கு. நம்பரைக் கொடுத்தது நீயா?"

வேலை போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்தாள்.

"ஓம், நான்தான். நீங்க எல்லாரும் விருப்பத்துக்குக் குளிர் வைக்கலாம், நாள் முழுக்க அடுப்படியில வேகிற இவங்க மட்டும் தொடப்படாதா? குளிரைக் கொடுத்திட்டுப் பூட்டுப் போடுறது என்ன நியாயம் ஹாஜியார்?"

ஹாஜியார் கோபப்படவில்லை. கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்களே சொல்லுங்க, ராத்தா."

றைஸா ராத்தா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருசம் ஃபேன் மாட்டித் தந்தார். எண்ட ஒரு ஆளுக்கு என்னத்துக்கு வீண் கரண்ட் எண்டு, ஒருத்தரும் பாக்காத நேரம் நிப்பாட்டிப்போட்டுக் கிடந்தன். சூட்டுல மயங்கி, ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்துதான் எழும்பினன்."

கையை நீட்டி ஃபர்ஸானாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போட்டிடுவன் எண்டு அவர் பூட்டயில்ல மகள். நான் நிப்பாட்டிடுவன் எண்டுதான் பூட்டினார்."